பழைய உயர்தர ஸ்பீக்கரை வாங்குவதும் அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதும்

ஸ்பீக்கர் அவ்வளவு எளிதில் காலாவதியாகிவிடும் கருவி அல்ல. காந்தத்தின் இடைவெளிக்குள் ஒரு கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய ஒரு கூம்பு, சுருளில் பாயும் மின்னோட்டத்துக்கு ஏற்ப அந்தக் கூம்பு முன்னும் பின்னும் அசைதல் என்ற அமைப்பை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாகும் 1925-இல் விளக்கினார்கள். இன்று விற்பனைக்கு வரும் பெரும்பாலான ஸ்பீக்கர்களும் அதே அடிப்படையில்தான் இயங்குகின்றன. ஆகவே இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நல்ல பொறியாளர்கள் வடிவமைத்த ஒரு ஜோடி, பழுதில்லாமல் இருந்தால், இன்றைய அதே தரத்து ஸ்பீக்கருக்கு நிகராக நின்று பாடும். புதிதாக இருந்தபோது எட்டாத உயரத்தில் இருந்த விலையும் இப்போது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கும்.

வாங்குபவர் கவனம் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரிலும் பழைய விமர்சனங்களிலும் போய் நிற்பதுதான் இதில் உள்ள சிக்கல். அந்த விமர்சனம் எழுதப்பட்ட அன்று இருந்த ஸ்பீக்கர் வேறு, இன்று நம் முன்னால் இருக்கும் ஸ்பீக்கர் வேறு. நாம் கண்டறிய வேண்டியவை இரண்டு: இந்த ஜோடி இன்று எந்த நிலையில் இருக்கிறது, இதை நன்றாக ஓட்டுவதற்கு எத்தகைய ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஸ்பீக்கரை வாங்கி வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்கள், ஸ்பீக்கருக்குக் கொடுத்ததைவிட அதிகத் தொகையை ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க நேர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அறையிலிருந்து தொடங்குங்கள்

எந்த ஸ்பீக்கரைத் தேடுவது என்று முடிவெடுக்கும் முன் உங்கள் அறையை அளந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம், நீங்கள் அமரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே இருக்கப்போகும் தூரம், ஸ்பீக்கரின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடம் விட முடியும் என்பது ஆகிய ஐந்தும் தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும். பின்பக்கம் துளை வைத்த பெரிய ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால், சிறிய அறையில் தாழ்ஸ்வரங்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே முழக்கமாகிவிடும். மிருதங்கத்தின் இடந்தலை ஒலியும் டபுள் பேஸின் ஒலியும் தனித்தனியாகக் கேட்காது. அப்படிப்பட்ட அறைக்கு, துளையில்லாத மூடிய பெட்டியோ நடுத்தர அளவுள்ள ஸ்டாண்டு ஸ்பீக்கரோ பொருத்தமாக இருக்கும். பெட்டி பெரிதாக இருந்தால் ஒலியும் நன்றாக இருக்கும் என்பது அறையைக் கணக்கில் எடுக்காத எண்ணம்.

வயதானால் எது கெடும்

ஸ்பீக்கரில் முதலில் கெடுவது, கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வெளிவிளிம்பு. 1970 முதல் 1990கள் வரை வந்த பல ஸ்பீக்கர்களில் இந்த விளிம்பு பாலியூரித்தேன் ஃபோமால் ஆனது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் காற்றின் ஈரமும் வெப்பமும் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது உதிரத் தொடங்குவது இயல்பு. "பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தேன்" என்று விற்பவர் சொல்வது இந்த ஒரு விஷயத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒருமுறை, பார்ப்பதற்குப் புதிது போலவே இருந்த ஓர் ஊஃபரின் (தாழ்ஸ்வரங்களை எழுப்பும் பெரிய கூம்பின்) விளிம்பில் சுண்டுவிரல் நுனியை மெல்ல வைத்தேன். நனைந்த பிஸ்கட்டைத் தொட்டது போல விரல் உள்ளே போய்விட்டது, விரலில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான பொடி ஒட்டியிருந்தது. இது வாங்கக்கூடாத பழுது அல்ல. ஃபோமை மாற்றிவிடலாம், முறையாக மாற்றினால் பழைய ஒலியே திரும்பக் கிடைக்கும். மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்வதும், மாற்றுபவர் வாய்ஸ் காயிலை, அதாவது காந்தத்துக்குள் அசையும் அந்தக் கம்பிச்சுருளை, நடுவில் சரியாக நிறுத்தத் தெரிந்தவரா என்று பார்ப்பதும்தான் முக்கியம்.

ரப்பர் விளிம்பு நெடுநாள் உழைக்கும். ஆனால் சில இடங்களில் கல் போல இறுகிவிடும், சிலவற்றில் கூம்போடு ஒட்டிய பசை விட்டுவிடும். பசை பூசிய துணி விளிம்புதான் இவற்றில் நெடுங்காலம் தாங்கும். 1970-இல் வந்த ஜேபிஎல் எல்100 செஞ்சுரியின் ஊஃபருக்குத் துணி விளிம்பு என்பதால் ஐம்பது ஆண்டு கடந்தும் பல ஜோடிகள் நலமாக ஓடுகின்றன. அதன் முகப்பில் இருந்த கட்டங்கட்டமான ஃபோம் மூடிதான் பொடியாகிப்போகும், அது ஒலியைப் பாதிக்காத விஷயம்.

உச்ச ஒலிகளை எழுப்பும் ட்வீட்டர்களில் பலவற்றின் காந்த இடைவெளியில் ஃபெரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் இருக்கும். அது காலப்போக்கில் கெட்டியாகி, ட்வீட்டரின் அசைவைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒலி முற்றிலும் நின்றுபோகாது, பளிச்சென்று இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக இருக்கும். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று மட்டும் சற்று மந்தமாகத் தோன்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பல ட்வீட்டர்களில் பழைய திரவத்தைத் துடைத்துவிட்டுப் புதியதை ஊற்ற முடியும்.

பெட்டிக்குள் தாழ் ஒலியையும் உச்ச ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் உள்ள எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களும் இருபது, முப்பது ஆண்டுகளில் தங்கள் மதிப்பிலிருந்து நகர்ந்துவிடும். அவற்றை மாற்றுவது எளிய வேலைதான். இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்த்தே, அதே மதிப்பில் மாற்ற வேண்டும். எலெக்ட்ரோலைட்டிக் இருந்த இடத்தில் விலையுயர்ந்த ஃபிலிம் கெப்பாசிட்டரைப் போட்டால் அதன் உள்தடை குறைவாக இருப்பதால் ட்வீட்டரின் ஒலி சற்றே தூக்கலாகிவிடும். வடிவமைத்தவர் அந்த உள்தடையையும் கணக்கில் வைத்திருந்திருக்கலாம், எனவே சிறு ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்க்க வேண்டிவரும். "கிராஸ்ஓவரை மேம்படுத்தியிருக்கிறேன்" என்று சொல்லி அதிக விலை கேட்பவரிடம் நான் கேட்பது ஒன்றே: கழற்றிய பழைய பாகங்கள் இருக்கின்றனவா? இல்லையென்றால் மாற்றம் செய்யப்படாத வேறொரு ஜோடியைத் தேடுவதே நல்லது.

சில வடிவங்களுக்கென்று தனிப்பட்ட பலவீனங்கள் உண்டு. யமஹா 1974-இல் வெளியிட்ட என்எஸ்-1000எம் ஸ்பீக்கரின் நடு ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் பெரிலியத்தால் ஆன குவிமாடங்கள் பயன்படுத்தப்பட்டன. அவை நசுங்கினால் நிமிர்த்த முடியாது, மாற்றும் கிடைப்பது மிக அரிது. உடைந்த பெரிலியத்தின் துகள் நுரையீரலுக்கு நஞ்சு என்பதால் உடைந்ததைக் கையால் தொடவும் கூடாது, ஊதவும் கூடாது. பீட்டர் வாக்கர் உருவாக்கி 1957-இல் விற்பனைக்கு வந்த குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக்கில் கூம்பு கிடையாது, உயர் மின்னழுத்தம் ஏற்றப்பட்ட மெல்லிய படலம்தான் அசையும். தூசியும் ஈரமும் சேர்ந்த பலகைகள் டிக் டிக் என்று பொறிவிடும், ஒலியும் தளரும். 1981-இல் வந்த இஎஸ்எல்-63-இல் பலகைகளின் பசை விடுவது பழகிய பழுது. இந்த இரண்டையும் பழுதுபார்க்கத் தெரிந்தவர் கிடைத்தால் மட்டுமே வாங்குங்கள். கிடைத்துவிட்டால், மனிதக் குரலை அவ்வளவு இயல்பாகத் தரும் ஸ்பீக்கர்கள் மிகச் சில என்பதை முழு மனதோடு சொல்வேன்.

நேரில் பார்க்கும் நாள்

கையோடு எடுத்துச்செல்ல வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று, இரண்டு துண்டுக் கம்பி, அதிர்வெண் ஒலிகளை எழுப்பும் செயலி உள்ள கைபேசி, நீங்கள் மனப்பாடமாக அறிந்த ஐந்தாறு பாடல்கள். முடிந்தால் உங்கள் சொந்த ஆம்ப்ளிஃபயரையும் எடுத்துச்செல்லுங்கள்; பாரமாக இருந்தாலும் அந்தச் சிரமம் வீண்போகாது. பகல் வெளிச்சத்தில் போவது நல்லது.

முதலில் முன்பக்கத் துணி மூடிகளைக் கழற்றச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அங்கேயே ஏதோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொரு கூம்பின் மீதும் ஒளியை ஓடவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கிழிசலும் ஒட்டுப்போட்ட இடமும் பசை வழிந்த தடமும் நிழலாகத் தெரியும். திருகுகளின் தலையைப் பாருங்கள்: வண்ணம் உரிந்து பள்ளம் விழுந்திருந்தால் ஏற்கெனவே கழற்றியிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பெட்டியைச் சாய்த்து அடிப்பாகத்தைப் பார்க்க மறக்காதீர்கள்; மரத்தூள் பலகையும் எம்டிஎஃப் பலகையும் தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும், மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அந்த வீக்கம் அடியில் தெரிந்துவிடும். பின்பக்கத்து வரிசை எண்கள் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ போன்றவற்றில் இது இன்னும் முக்கியம்: தொடக்ககால வகை 15 ஓம், 1980களின் பிற்பகுதியில் வந்த வகை 11 ஓம், இதில் ஒன்றும் அதில் ஒன்றுமாகச் சேர்த்து ஜோடி என்று விற்றால் அது ஜோடியே அல்ல.

அடுத்து ஊஃபரின் கூம்பு. இரண்டு கைகளின் விரல்களையும் நடுமூடியைச் சுற்றிச் சமமாகப் பரப்பி, சில மில்லிமீட்டர் மட்டும் நேராக உள்ளே அழுத்தி விடுங்கள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால், நலமான ஊஃபர் எந்த ஓசையும் எழுப்பாது. மணலை உரசுவது போன்ற மெல்லிய சத்தம் வந்தால் வாய்ஸ் காயில் காந்தத்தில் உரசுகிறது என்று பொருள். மூடிய பெட்டியாக இருந்தால் இதே சோதனையில் வேறொன்றும் தெரியும்: உள்ளே இருக்கும் காற்று தடுப்பதால் கூம்பு தயங்கித் தயங்கித் திரும்பி வரும், சட்டென்று துள்ளி வந்தால் பெட்டியில் எங்கோ காற்று கசிகிறது. ட்வீட்டர் குவிமாடத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஸ்பீக்கரின் முனைகளில் வையுங்கள். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரை காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரை காட்டும். இது வாய்ஸ் காயிலின் நேர்மின்தடை, குறிக்கப்பட்ட எண்ணைவிடக் குறைவாக இருப்பதுதான் சரி. இரண்டு ஸ்பீக்கரும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். நான்கு முனை உள்ளவற்றில் இணைப்புத் தகடுகளைக் கழற்றிவிட்டு மேல் முனைகளை அளந்தால் பெரும்பாலும் எதுவுமே காட்டாது. ட்வீட்டருக்கு முன்னால் கெப்பாசிட்டர் இருப்பதால் அப்படி, அதைக் கண்டு பதற வேண்டாம். பின்பு பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் ஊஃபர் முன்னால் வர வேண்டும். பழைய ஜேபிஎல்களில் இது தலைகீழாக இருக்கும், அது அந்த நிறுவனத்தின் அந்நாளைய வழக்கம். நமக்கு வேண்டியது இரண்டும் ஒரே திசையில் அசைவதுதான்.

இனி ஒலிக்க வையுங்கள். பாடலுக்கு முன் பிங்க் நாய்ஸ் எனப்படும் இரைச்சலை இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒன்று போலவே அனுப்பி, இரண்டுக்கும் நடுவில் அமருங்கள். இரைச்சல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரு குறுகிய தூண் போல நிற்க வேண்டும். அது ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அகன்று புகைபோலப் பரவினாலோ, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஏதோ வேறுபாடு இருக்கிறது. உடனே இடது வலது கம்பிகளை ஆம்ப்ளிஃபயரில் மாற்றிப் போடுங்கள்: சாய்வு மறுபக்கம் போனால் குறை ஆம்ப்ளிஃபயரிலோ அதற்கு முந்திய கருவியிலோ, அதே பக்கத்தில் நின்றால் குறை ஸ்பீக்கரிலோ அறையிலோ. ஸ்பீக்கர்களையே இடம் மாற்றிப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும். இந்தக் கால்மணி நேரச் சோதனையை ஒருநாள் அவசரத்தில் செய்யாமல் விட்டுவிட்டு, ஒரு ட்வீட்டர் ஊமையாக இருந்த ஜோடியை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். பாடல் ஓடிக்கொண்டிருந்தபோது மற்ற ட்வீட்டரின் ஒலி அந்தக் குறையை மறைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ட்வீட்டரின் அருகிலும் காதைக் கொண்டுபோகாமல் பணத்தைக் கொடுப்பதில்லை.

கடைசியாக, குறைந்த ஒலியில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை ஒரு தனி ஒலியை மெல்ல உயர்த்திச் செல்லுங்கள். இடையில் எங்காவது படபடப்போ கிரீச்சொலியோ கேட்டால் அது எந்தப் புள்ளியில் வருகிறது என்று கண்டுபிடியுங்கள்; மூடியின் ஊசி, தளர்ந்த திருகு என்று அற்பமான காரணமாகவும் இருக்கலாம், உரசும் காயிலாகவும் இருக்கலாம். துளையுள்ள பெட்டிகளில் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணை உரக்க ஒலிக்க விடாதீர்கள், அங்கே கூம்பைத் தடுத்துப் பிடிக்கக் காற்றழுத்தம் இருக்காது, காயில் எல்லை மீறிப்போய் மோதிவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகே விலையைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு பாகம் நாளை கெட்டால் கிடைக்குமா என்பது விலையில் பெரிய பங்கு வகிக்கிறது. ஸ்கேன்-ஸ்பீக், சியாஸ் போன்ற நிறுவனங்களின் டிரைவர்களை, அதாவது ஊஃபர், ட்வீட்டர் முதலிய ஒலிக்கும் பாகங்களை, பயன்படுத்தும் ஸ்பீக்கர்களுக்கு மாற்று கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தனக்கென்று மட்டும் டிரைவர் செய்துகொண்ட, இன்று மூடப்பட்டுவிட்ட நிறுவனத்தின் ஸ்பீக்கர் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் ஒரே ஒரு ட்வீட்டர் போனால் இரண்டு அழகான மரப்பெட்டிகள்தான் மிஞ்சும். மூல அட்டைப்பெட்டி இருந்தால் அதற்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம், ஏனென்றால் பழைய ஸ்பீக்கர்கள் அதிகம் சேதமாவது வழிப்பயணத்தில்தான்.

வாட், ஓம், டெசிபல்

ஆம்ப்ளிஃபயரைப் பொருத்த மூன்று எண்கள் தெரிய வேண்டும்: ஸ்பீக்கரின் உணர்திறன், அதன் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, ஓமில்), நீங்கள் கேட்கும் தூரம்.

உணர்திறன் என்பது 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலிக்கிறது என்பது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதுவே 2 வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கருக்கு 89 டெசிபல் என்று எழுதியிருந்தால், ஒரு வாட்டுக்கு உண்மையில் 86 தான். இதைக் கவனிக்காமல் ஒப்பிடுபவர்கள் ஏமாந்துவிடுகிறார்கள். ஆற்றலை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் கூடும், பத்து மடங்காக்கினால் 10 டெசிபல் கூடும், அப்போதுதான் காதுக்கு ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாகத் தோன்றும். 50 வாட் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டு 60 வாட் வாங்குவதால் காதுக்கு எதுவும் தெரியாது என்பது இதிலிருந்து புரியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 86 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் 106 டெசிபல். மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்தால் திறந்தவெளிக் கணக்கில் 9.5 குறையும், இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து ஒலிப்பதால் 3 கூடும். ஆக இருக்கையில் ஏறத்தாழ 99 அல்லது 100, அறையின் எதிரொலியால் இன்னும் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். நன்றாகப் பதிவு செய்யப்பட்ட இசையில் ஓங்கும் கணங்கள் சராசரியைவிட 15, 20 டெசிபல் உயர்ந்திருக்கும். சராசரி 80-இல் கேட்பவருக்கு இந்தச் சேர்க்கை போதும். ஸ்பீக்கரின் உணர்திறன் 92 என்றால் இதே உரப்புக்கு 25 வாட் போதும். எல்எஸ்3/5ஏ போல 82, 83-இல் இருப்பவை சிறிய அறையில் அருகில் அமர்ந்து கேட்பதற்கு உரியவை. அவற்றுக்கு எவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் கொடுத்தாலும் பெரிய கூடத்தை நிரப்பாது, அந்தச் சிறு ஊஃபரின் எல்லை முன்னதாகவே வந்துவிடும்.

இம்பீடன்ஸ்தான் பலர் கவனிக்காமல் விடுவது, இணைப்பின் வெற்றியும் அதில்தான் இருக்கிறது. பெட்டியின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணிலும் 8 அல்ல. ஓரிடத்தில் 30-க்கு ஏறும், வேறோரிடத்தில் 4-க்கு இறங்கும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரநிலைப்படி, குறிக்கப்பட்ட மதிப்பின் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது, அதாவது 8 ஓம் ஸ்பீக்கர் 6.4-க்குக் குறையக்கூடாது, பல உயர்தர நிறுவனங்களே இதைப் பின்பற்றுவதில்லை. இதில் என்ன கெட்டுவிடும் என்று கேட்டால், ஒரு மேளத் தட்டலுக்கு ஆம்ப்ளிஃபயர் 20 வோல்ட் தர வேண்டிய கணத்தை நினைத்துப் பாருங்கள். 8 ஓமில் 2.5 ஆம்பியர் பாய்ந்தால் போதும். 4 ஓமில் 5 வேண்டும். 2 ஓமில் 10 வேண்டும். ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஆம்ப்ளிஃபயரின் உள்ளே டிரான்சிஸ்டர்களும் மின்வழங்கியும் நான்கு மடங்கு பாரத்தைச் சுமக்கின்றன. 1980களில் வந்த அபோஜீ சின்டில்லா 1 ஓம் பாரம் என்பதால் அன்றைய பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் பலவும் அதன் முன் திணறின.

குறைந்த இம்பீடன்ஸோடு மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒன்றையொன்று விட்டு விலகும் கோணமும் பெரிதாகச் சேர்ந்தால் சுமை இன்னும் கூடும். 45 பாகைக் கோணத்தில், வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை அது இன்னும் குறைந்த இம்பீடன்ஸ் போலவே சூடேற்றும். ஸ்டீரியோஃபைல் இதழ் தன் விமர்சனங்களோடு இந்த இரண்டின் வரைபடத்தையும் வெளியிட்டு வருகிறது. வாங்க நினைக்கும் வடிவத்துக்கு அப்படி ஒரு வரைபடம் கிடைத்தால், விமர்சனத்தின் வர்ணனையைவிட அந்தக் கோட்டையே நான் அதிக நேரம் பார்ப்பேன். 60-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை அந்தக் கோடு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதைப் பாருங்கள். இசையின் ஆற்றல் பெரும்பகுதி அங்கேதான் செலவாகிறது.

எந்த ஆம்ப்ளிஃபயர்

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் வலிமையை அறிய அதன் வாட் எண்ணை மட்டும் பார்க்காமல், 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் கொடுத்திருக்கும் எண்களை ஒப்பிடுங்கள். 8 ஓமில் 100, 4 ஓமில் 180 அல்லது 200 என்றால் மின்வழங்கி திடமானது. 8 ஓமில் 100, 4 ஓமில் 120 என்றாலோ, 4 ஓம் பற்றி எதுவுமே எழுதாமல் விட்டிருந்தாலோ, கடினமான ஸ்பீக்கரோடு அது நெடுந்தூரம் போகாது. பலம் குறைந்த ஆம்ப்ளிஃபயரை முழு எல்லைக்கு முறுக்கி ஓட்டும்போது அலையின் உச்சி வெட்டுப்பட்டு, ட்வீட்டருக்குப் போகும் ஆற்றல் கூடி அது கருகிவிடும். நிதானமாகக் கேட்பவர் கையில் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பானது. இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை ஒரே ஸ்பீக்கருக்குச் சேர்த்து ஓட்டும் பிரிட்ஜ் முறையில் இணைப்பதைத் தவிருங்கள்: ஒவ்வொன்றுக்கும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் பாதியாகத் தெரியும், 4 ஓம் அங்கே 2 ஓமாகிவிடும்.

வால்வு ஆம்ப்ளிஃபயரில் விஷயம் வேறு. அதன் வெளியீட்டு மின்தடை டிரான்சிஸ்டரைப் போலச் சுழியத்துக்கு அருகில் இருக்காது, 2 ஓம் இருப்பதும் உண்டு. 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே ஏறி இறங்கும் ஸ்பீக்கரை அதில் இணைத்தால், 4 ஓம் உள்ள இடத்தில் 3.5 டெசிபலும் 20 ஓம் உள்ள இடத்தில் 0.8 டெசிபலும் குறைகிறது. அதாவது ஸ்பீக்கரின் ஒலிச் சமநிலையே 2.7 டெசிபல் அளவுக்குக் கோணிவிடுகிறது. சிலருக்கு அந்தக் கோணலே இனிமையாகத் தோன்றும். ஆனால் அது வால்வின் தனிப்பட்ட குணமன்று, அந்த ஜோடியின் கணக்கு. ஆகவே வால்வை விரும்புபவர்கள் இம்பீடன்ஸ் அதிகம் அலையாத, உணர்திறன் மிகுந்த ஸ்பீக்கரைத் தேட வேண்டும். ஒற்றை 300பி வால்வு தரும் ஏறத்தாழ 8 வாட்டுக்கு 95 டெசிபலுக்கு மேற்பட்ட ஸ்பீக்கர்கள்தான் உரியவை. 1946-இல் பால் கிளிப்ஷ் தொடங்கிவைத்த மூலைக் கொம்பு ஸ்பீக்கர்கள் போன்றவை அந்த வகை. பின்பக்கத்தில் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருந்தால் மூன்றிலும் கேட்டுப் பார்த்துக் காது ஒப்புவதை வைத்துக்கொள்ளலாம், அதனால் ஆபத்து இல்லை. ஸ்பீக்கரை இணைக்காமல் மட்டும் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஓட்டாதீர்கள், வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

குவாட் எலெக்ட்ரோஸ்டாட்டிக் போன்றவை கெப்பாசிட்டர் போன்ற பாரம்: உச்ச அதிர்வெண்களில் இம்பீடன்ஸ் 2 ஓமுக்கும் கீழே போகும், அதிக மின்னழுத்தம் கொடுத்தால் பலகை பொறிவிட்டு ஓட்டையாகும். அவற்றுக்கு வாட் மிகுந்தது ஆபத்து. கெப்பாசிட்டர் பாரத்தில் தள்ளாடாத, மிதமான ஆற்றலுள்ள ஆம்ப்ளிஃபயர்தான் பொருந்தும்.

ஆம்ப்ளிஃபயரையும் பழையதாகவே வாங்குவதென்றால், முதலில் பின்பக்கத்தில் எந்த மின்னழுத்தத்துக்கு உரியது என்று எழுதியிருக்கிறதோ அதைப் படியுங்கள். 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதை 230 வோல்ட்டில் சொருகினால் அந்த நொடியே முடிந்துவிடும். ஸ்பீக்கரை இணைக்காமல் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை இயக்கி, வெளியீட்டு முனைகளில் நேர்மின்னழுத்தத்தை அளந்தால் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பது நலம். 100-ஐத் தாண்டினால் ஸ்பீக்கரை இணைக்கும் முன் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். ஒலிக்கட்டுப்பாட்டைத் திருப்பும்போது வரும் கரகரப்பு பெரும்பாலும் தூசி. மிகக் குறைந்த ஒலியில் ஒரு பக்கம் மட்டும் மறைந்து, சற்று உயர்த்தினால் திரும்பி வந்தால் ரிலேயின் தொடுமுனை தேய்ந்திருக்கிறது, மாற்றுவது எளிது. மேல்மூடியைத் திறந்து நீங்களே உள்ளே கை வைக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் நிற்கும், வால்வுக் கருவிகளில் அது உயிருக்கே ஆபத்து.

கம்பியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கம்பி ஐந்து மீட்டர் ஓடினால் போக வரச் சேர்த்து ஏறத்தாழ 0.07 ஓம், எந்த வீட்டு அமைப்புக்கும் அது போதும். மிச்சப் பணத்தை ஸ்பீக்கரின் பழுதுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள், இரண்டு ஸ்பீக்கருக்கும் சிவப்பும் கறுப்பும் ஒன்று போல இணைந்திருக்கின்றனவா என்று கம்பியின் நுனிவரை விரலால் தொட்டுச் சரிபார்த்து, ஒலியைச் சுழியத்தில் வைத்து ஆம்ப்ளிஃபயரை இயக்குங்கள். வழக்கமாகக் கேட்கும் உரப்பில் ஒரு மணி நேரம் ஓடவிட்டபின், ஆம்ப்ளிஃபயர் வகுப்பு ஏபி ஆக இருந்தால், அதன் வெப்பத்தகட்டில் கை வையுங்கள். மிதமான சூடு இயல்பு. சில நொடிகள்கூடக் கையை வைத்திருக்க முடியாவிட்டாலோ, தாழ்ஸ்வரம் ஓங்கும் இடங்களில் பாதுகாப்பு ரிலே டக்கென்று விழுந்து பாட்டு நின்றாலோ, அந்த ஸ்பீக்கர் கேட்கும் மின்னோட்டத்தை அந்த ஆம்ப்ளிஃபயரால் தர முடியவில்லை. ஒலியைக் குறைத்து அன்றைய பொழுதை ஓட்டிவிட்டு, 4 ஓமுக்கு முழு எண்ணையும் எழுதியிருக்கும் வேறொன்றைத் தேடத் தொடங்குங்கள்.